தலைப்பிரசவத்துக்குப் போய்வந்த மாங்கன்று

எங்கள் டாக்குரியா வீட்டு மதிலுக்கு மேலே காலை வேளைகளில் மரங்கள் நடந்து போகும். கல்கத்தாவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு நான் பல் தேய்ப்பதை நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, இரண்டு லிச்சி, எல்லாம் ஆடி அசைந்து வரிசையாக மதிலைத் தாண்டும். வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால்தான் அடியில் ஒரு மனிதன் இருப்பது தெரியும். தலையில் பெரிய தட்டுக் கூடை, அதில் பத்துப் பன்னிரண்டு கன்றுகள், வேரில் உருட்டிக் கட்டிய மண். நம் ஊரில் தலையில் கீரை வரும், மோர் வரும், தோட்டமே வந்து நான் கண்டதில்லை. அந்த மனிதன் பெயர் ஹரிபத. பின்னாளில் எங்கள் வீட்டுச் சமாசாரம் அத்தனையிலும் தலையிட்ட பெரிய மனிதன்.

என் மனைவி விசாலம் கல்கத்தாவுக்கு வந்தபோது அவளுக்கு வயது பதினேழு. ஊரை விட்டு வந்ததற்காக அவள் அழவில்லை. அவள் அழுதது முதல் கோடையில் நான் ஆசையாக வாங்கி வந்த மாம்பழத்தைத் தின்றுவிட்டுத்தான். இந்த ஊரில் மாம்பழத்துக்குக் குறைவில்லை. அரசர்கள் தின்றது, நவாபுகள் தின்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பரம்பரை சொல்லி விற்பார்கள். விசாலம் ஒவ்வொன்றையும் ஒரு கடி கடித்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு, ஆனா எங்காத்துக் கிணத்தடிப் பழம் மாதிரி வருமோ?" என்பாள். அதோடு அந்த நவாபின் மானம் போய்விடும்.

அந்தக் கிணற்றடிப் பழத்தை நானும் அறிவேன். எங்கள் கல்யாணம் மாயவரத்துப் பக்கத்தில் மாமனார் வீட்டில் வைகாசி மாதம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கைகொள்ளாத ஒரு பழத்தை நறுக்காமல் அப்படியே இலையில் வைத்தார்கள். தோல் வெற்றிலைபோல மெல்லிசு. நார் என்ற பேச்சே இல்லை. கொட்டைக்குப் பக்கத்தில் போகப்போகப் பச்சைக் கற்பூரம் போட்டதுபோல லேசாக ஒரு வாசனை வரும். நான் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்ததில் நலங்குக்கு நேரமாகிவிட்டது என்று இன்றைக்கும் அந்த வீட்டார் கேலி பேசுவார்கள். அந்த மரம் கிணற்றை ஒட்டி, துவைக்கிற கல்லின் மேல் கவிந்து நின்றது. விசாலம் குழந்தையாக இருந்தபோது அதன் தாழ்ந்த கிளையில்தான் தூளி கட்டியிருந்தார்களாம்.

ஒரு தை மாதம் என் தங்கை கல்யாணத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். திரும்பும்போது மாமனாரைக் கேட்டு அந்த மரத்தில் பென்சில் கனத்துக்கு எட்டுக் குச்சிகள் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டைக்குள் வைத்துக் கட்டி, மெயில் வண்டியில் இரண்டு நாளும் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொண்டுவந்து சேர்த்தேன். ஹரிபதயைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த ஆபீஸ் வங்காளியில், "ஊரிலிருந்து உனக்காக விசேஷமாகக் கொண்டுவந்தேன்" என்று பெருமையோடு ஒரு குச்சியை நீட்டினேன். அவன் நெகிழ்ந்துபோய் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பிறகு வாயில் வைத்துக் கடித்துப் பல் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். இந்த ஊரில் மாங்குச்சியால் பல் விளக்குவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? விசாலம் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது தெருவரைக்கும் கேட்டது.

விஷயத்தை விளக்கிச் சொன்னதும் ஹரிபத என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "பாபு, வெட்டின குச்சியை வைத்து நான் என்ன செய்ய? தாய்மரத்தில் இருக்கும்போதே கிளையைக் கன்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டும் சீவின இடத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற வரைக்கும் தாய்தான் பால் கொடுக்கும். இரண்டரை மாதம் ஆகும். மரம் இங்கே வராது. கன்றுதான் அங்கே போகவேண்டும்." தொட்டியில் வைத்த கன்றைத் தூக்கிக்கொண்டு யார் மாயவரம் போய் இரண்டரை மாதம் உட்கார்ந்திருப்பது? அந்தப் பேச்சு அத்தோடு அடங்கிவிட்டது.

மறு வருஷம் விசாலத்துக்குத் தலைப்பிரசவம் என்று ஆனதும் என் புத்தியில் ஒரு வெளிச்சம். ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்து அவள் பிறந்தகம் போவாள். குழந்தைக்கு நாலைந்து மாதம் ஆனபிறகுதான் திரும்பி வருவாள். எட்டு மாதக் கணக்கு. கன்றுக்கும் அவளுக்கும் ஒரே பிரயாணம்! ஹரிபத கொட்டை போட்டு முளைத்த நாட்டு மாங்கன்று ஒன்றை, திடமானதாகப் பார்த்துத் தொட்டியில் வைத்துக் கொடுத்தான். அழைத்துப் போக வந்த மச்சினன் ஹௌரா ஸ்டேஷனில் தலையில் அடித்துக்கொண்டான். "அக்காவைப் பார்த்துக்கறதா, மரத்தைப் பார்த்துக்கறதா அத்திம்பேர்?" "ரெண்டுக்கும் வேளாவேளைக்குத் தண்ணி குடு, போதும்" என்றேன். விசாலம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தொட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டாள். வண்டி புறப்படும்போது அவள் என்னைப் பார்த்தாளோ, கன்றின் இலை நசுங்காமல் இருக்கிறதா என்று பார்த்தாளோ, எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இங்கே ஒரு சங்கடம். பெண்டாட்டி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் க்ஷவரம் செய்துகொள்ளக் கூடாது, பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் துரைக்குத் தெரியாது. என் தாடியைப் பார்த்துவிட்டு, யாராவது காலமாகிவிட்டார்களா என்று துக்கத்தோடு விசாரித்தார். இல்லை, குழந்தை பிறக்கப்போகிறது என்றேன். துரை வெகுநேரம் யோசித்துவிட்டு, நான் தைரியத்தைக் கைவிடக் கூடாது என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மாமனாருக்கு நான் இரண்டு தாள் நிறைய எழுதியிருந்தேன். அவர் ஒட்டுக் கட்டுவதை ஜன்மத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் துவைக்கிற கல்லின் மேல் தொட்டியை ஏற்றி, தாழ்ந்த கிளையையும் கன்றையும் ஒரு பக்கம் சீவிச் சேர்த்து, வாழைநாரால் கட்டி, களிமண்ணும் சாணியும் பூசி ஒப்பேற்றிவிட்டார். நன்றாகப் பிடிக்கட்டும் என்று இரண்டு தண்டையும் பெண்ணுக்குப் பின்னல் பின்னுகிறமாதிரி முறுக்கி வேறு விட்டாராம். அந்த வீட்டில் நாலு மாதம் துணி துவைக்கக் கல் கிடையாது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று மேற்கொண்டு கிளையை அறுக்க அவருக்கு மனம் வரவில்லை. கமலா பிறந்து, புண்யாகவாசனம் ஆகி, ஐப்பசியில்தான் கிளையைத் தாய்மரத்திலிருந்து அறுத்துவிட்டார். அதோடு கன்றின் சொந்தத் தலையையும் வெட்டியிருக்க வேண்டும். ஒட்டின இடத்துக்கு மேலே நம் கிளை மட்டும் நிற்க வேண்டும், அதுதான் வித்தை. அவர் வெட்டவில்லை. "குழந்தையோடு கூட வந்த கன்று. அதன் தலையை வாங்க எனக்குக் கை வரவில்லை. நல்ல நாள் பார்த்து நீங்களே அங்கே செய்துகொள்ளவும்" என்று எழுதினார்.

ஆக, மாசி மாதம் ஹௌராவில் வந்து இறங்கியது கைக்குழந்தையும் இரண்டு தலை மாங்கன்றும். வழிநெடுக வெயிலில் கன்று இலையெல்லாம் கொட்டி மொட்டையாக இருந்தது. இரண்டு குச்சிகள், முறுக்கின இடத்தில் ஒன்றாகி, மேலே பிரிந்து நின்றன. எது வங்காளம், எது மாயவரம்? ஹரிபத பார்த்துவிட்டு, இலை வரட்டும், கசக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும் என்றான். அது நியாயமாகத்தான் பட்டது.

இலை வருவதற்குள் தந்தி வந்தது. மாமனார் போய்விட்டார். நெஞ்சை அடைத்தது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் ரயிலைத் தாண்டி எந்த மகள் போய் அப்பா முகத்தைப் பார்க்க முடியும்? அடுத்து மச்சினனிடமிருந்து கடிதம். தனக்குப் பெஜவாடாவில் வேலை ஆகிவிட்டது, அம்மாவும் நம் சிறுவயதிலேயே போய்விட்டாள், பூட்டிப் போட்டால் வீடு பாழாகும், விற்றுவிடுகிறேன் என்று. விசாலம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். அந்த மொட்டைக் கன்றுக்குப் பக்கத்தில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டாள். இனி அவளுக்குப் பிறந்தகம் என்று மிச்சம் இருந்தது அந்தத் தொட்டியில்தான். இரண்டில் ஒரு குச்சி.

பங்குனியில் இலை விட்டது. ஹரிபத வந்து இரண்டிலும் ஒவ்வோர் இலை கிள்ளி முகர்ந்தான். தாய்மரத்திலிருந்து அறுத்த தழும்பு இருந்த பக்கத்தையும் தடவிப் பார்த்தான். "வலது பக்கம்தான் உங்கள் ஊர், அம்மா. இடதை வெட்டிவிடலாம்" என்றான். விசாலமும் முகர்ந்தாள். இடது கிளையின் இலையை மூக்கில் வைத்தபடியே அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "இதுதான். இது எங்காத்து வாசனை. அப்பா முறுக்கிக் கட்டினார், பக்கம் மாறிப்போயிருக்கும். நேக்குத் தெரியாதா?" நானும் முகர்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு இரண்டும் மாவிலைதான். ஹரிபத மரம் தெரிந்தவன். ஆனால் அப்பாவை இழந்த பெண், அப்பா வீட்டு வாசனை இது என்கிறபோது, இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கத்தியை வாங்கி வலது கிளையை வெட்டினேன். ஹரிபத கீழே விழுந்த கிளையை எடுத்து ஒருதரம் முகர்ந்தான். பிறகு கூடைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

கன்றைக் கொல்லையில் இறக்கி நட்டோம், மரம் நன்றாக வந்தது. வாடகை வீடுதான், ஆனாலும் வீட்டுக்காரர் காசியிலேயே தங்கிவிட்டதால் கேட்பாரில்லை. விசாலம் அரிசி களைந்த தண்ணீரை வேறெதற்கும் விடமாட்டாள். கமலா அதன் நிழலில்தான் தவழ்ந்தாள், வங்காளி பேசக் கற்றாள், தமிழை அதோடு கலந்து அடித்தாள். அவளுக்கு அது "தாத்தா மரம்." தாத்தாவை அவள் கண்டது அந்த மரமாகத்தான்.

ஆறாவது வருஷம் ஏழு காய் நின்றது. முதல் பழத்தை விசாலம் சுவாமிக்கு வைத்துவிட்டு நறுக்கினாள். வாயில் போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பல்லெல்லாம் நார். தித்திப்புக்கு அடியில் சுருக்கென்று புளிப்பு. மாமனார் வீட்டுப் பழத்துக்கும் இதற்கும் காததூரம். ஹரிபத கூடையில் எடுத்துப் போனதுதான் மாயவரம். என் கையால் நான் வெட்டிப் போட்டது அது. விசாலம் மெதுவாக மென்று விழுங்கினாள். "முதல் காப்பு இப்படித்தான் இருக்கும்" என்றாள். மறு வருஷம், "மண்ணு வேறயோன்னோ" என்றாள். அதற்கு அடுத்த வருஷம் தன் பங்கையும் கமலா பக்கம் நகர்த்திவிட்டாள். கமலா மட்டும் புறங்கை வழியச் சாறு ஒழுக, ஒரு கொட்டை விடாமல் தின்று தீர்த்தாள். தெருப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, எங்கள் தாத்தா ஊர் மாம்பழம், இந்த ஊரில் யாருக்கும் கிடைக்காது என்று பங்கு வைப்பாள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் எல்லாம் இதே பழம்தான். குழந்தைகள் அதைச் சொல்லவில்லை, ருசித்துத் தின்றன. ஹரிபதயிடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன். "அம்மா இதை அப்பா மரம் என்கிறார்கள். அப்போது அப்பா மரம்தான். எனக்கென்ன தெரியும், பாபு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டான்.

சென்ற வைகாசியில் மச்சினன் கல்யாணம், மாயவரத்திலேயே நடந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் விசாலம், "ஒருதரம் கிணத்தடியைப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றாள். வீட்டை வாங்கினவர்கள் நல்ல மனிதர்கள். அந்த வீட்டு மாமி, "உன் வீடுதான், வாடியம்மா" என்று கொல்லைவரை அழைத்துப் போனாள். மரம் அப்படியே நின்றது. துவைக்கிற கல்லில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். விசாலம் மரத்தைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். மாமி பழுத்ததாக மூன்று பழம் பறித்து எங்கள் மூவர் கையிலும் கொடுத்தாள். நான் ஒரு வாய் கடித்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன் என் கையால் வெட்டிப் போட்டது நாக்கில் வந்து நின்றது.

கமலா இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அம்மா, இது தாத்தா மாம்பழம் இல்லையே! நாரே இல்லே, புளிப்பே இல்லே. ஏதோ மருந்து வாசனை அடிக்கறது. நேக்கு வேண்டாம்."

மாமி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் விசாலத்தைப் பார்த்தேன். கல்கத்தா மரம் அப்பா மரமில்லை என்று அவள் இப்போதாவது அழுதுவிடுவாள், குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து புடவைத் தலைப்பால் கமலாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"ஆமாண்டி கண்ணே. இது இவாத்துப் பழம். தாத்தாது நம்மாத்துல இருக்கு, போய்ச் சாப்பிடலாம்."

அப்படிச் சொல்லிவிட்டு, குழந்தை கடித்து வைத்த பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். அவள் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கொட்டை வெள்ளையாகிற வரைக்கும் சப்பிக்கொண்டே இருந்தாள்.