பேர் மட்டும் கேட்டார்கள், ஆளே வந்து நின்றாள்

சப்பாரியாவிடம் அவர்கள் கேட்டது அவளுடைய பேரை மட்டும்தான். பேரும் அடையாள அட்டை எண்ணும் போதும், ஆள் பிடோக்கில் தன் வீட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். அறுபத்து மூன்று வயதில் இதைவிடச் சுகமான வேலையை யார் தருவார்கள்? ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்ததும் அந்தச் சுகம்தான்.

கேட்டவள் அந்நியம் இல்லை, கூடப்பிறந்த தங்கை நோரிடா. அதே அடுக்குமாடி புளோக்கில் இரண்டு மாடி மேலே குடியிருப்பவள். டைல்ஸ் பதிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக எழுத்தர் வேலை. வெளிநாட்டு ஆட்களுக்கு வேலை பெர்மிட் எடுப்பது, புதுப்பிப்பது எல்லாம் அவள் கையில். டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பொரித்த வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அக்காவிடம் விஷயத்தை மெல்ல அவிழ்த்தாள்.

அரசாங்க விதிப்படி சம்பளப் பட்டியலில் ஓர் உள்ளூர் ஆள் இருந்தால் ஏழு வெளிநாட்டு ஆட்களுக்கு பெர்மிட் எடுக்கலாம் என்று இருந்தது. ஜனவரி பிறந்தால் அது ஐந்தாகிறது. கம்பெனியில் உள்ளூர் ஆட்கள் நான்கு பேர். நோரிடா, லாரி ஓட்டுகிறவர், மேற்பார்வைக்கு இரண்டு பேர். டைல்ஸ் போடுகிறவர்களோ இருபத்து நான்கு பேர். இருபது பேருக்குத்தான் இடம். மீதி நான்கு பேரை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளப் போவதில்லை. பெர்மிட் முடிகிற அன்று புதுப்பிக்க முடியாது, அவ்வளவுதான். முதலில் முடிவது மொஸ்தாக்குக்கு, ஏப்ரல் கடைசியில்.

மொஸ்தாக்கை சப்பாரியாவுக்குத் தெரியும். பங்களாதேஷில் ரங்பூர் பக்கத்துக்காரன், நாற்பதைத் தொட்டவன். போன நோன்புப் பெருநாளன்று நோரிடா அவனைக் கூட்டிவந்திருந்தாள். ரெண்டாங் இறைச்சிக் கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவளைக் காலாம்மா என்று கூப்பிட்டான். அவன் ஊரில் அம்மாவின் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எல்லாம் சரி, மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு டைல்ஸைக் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, இதைப் போட்ட மகராசன் யார் என்று கேட்டுவிட்டான். போட்டது அவளுடைய மறைந்த கணவர். சப்பாரியாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவனைப் பிடித்துப் போயிற்று.

அவன் போய்விட்டால் அவன் மகளின் படிப்பு நின்றுவிடும், கம்பெனிக்கும் கை ஒடிந்த மாதிரி என்றாள் நோரிடா. முதலாளி கான் டெக் லிம் யோசித்துச் சொன்ன வழி இது. அக்காவைப் பட்டியலில் சேர்த்து, மாதாமாதம் சேம நிதி கட்டிவிட்டால், மூன்று மாதச் சராசரியில் அவளும் ஓர் உள்ளூர் ஆளாகக் கணக்கில் ஏறிவிடுவாள். நான்கு ஐந்தாகும். இருபது இருபத்தைந்தாகும்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாங்க்கா. பேரு மட்டும் போதும்."

சப்பாரியா ஜூ சியாட் பக்கம் ஒரு துணிக்கடையில் முப்பத்து நான்கு வருடம் நின்றவள். நோய்த்தொற்றுக் காலத்தில் கடையை மூடினார்கள். அதன்பின் பதினோரு இடத்தில் வேலை கேட்டாள். பதினோரு இடத்திலும் சிரித்த முகத்தோடு வயதைப் பார்த்தார்கள். ஆள் வேண்டாம் என்று சொன்ன ஊரில் இப்போது பேர் மட்டும் வேண்டுமாம். செத்தவர்களுக்குத்தான் பேர் மட்டும் மிஞ்சும், நான் இன்னும் சாகவில்லையே என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். வேலை நடக்கும் இடம் எங்கே என்று மட்டும் கேட்டாள். தெங்காவில் புது அடுக்குமாடி வீடுகள் என்று சொன்ன நோரிடா, அக்கா எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை. பதினெட்டு வருடம் எழுத்தர் வேலை பார்த்தும் அவளுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் வரவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு, ரயிலும் பஸ்ஸும் மாறி, கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சப்பாரியா தெங்கா கட்டுமானத் தளத்தின் வாசலில் வந்து நின்றாள். காவலாளி தலைக்கவசம் எங்கே, பூட்ஸ் எங்கே, பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். எதுவும் இல்லை, ஆனால் நான் இங்கே வேலை செய்கிறேன் என்றாள். அவர் அதையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

ஒன்பது மணிக்கு வந்த கான் டெக் லிம்முக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஆன்ட்டி, நீங்க எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க? நோரிடா சொல்லலியா?"

"சொன்னா பாஸ். என்னை வேலைக்குச் சேர்த்திருக்கீங்கன்னு சொன்னா. சேர்ந்தவ வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் அவளை ஓரமாக அழைத்துப்போய், இங்கே இரும்பும் சிமெண்டும்தான், உங்களுக்குக் கொடுக்க வேலை எதுவும் இல்லை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா விட்டுப்போன கம்பெனியை மூடாமல் நடத்தப் பார்க்கிறவர், அவ்வளவுதான். ஆனால் சப்பாரியா இறங்கி வரவில்லை.

"பேரு வேணும்னா ஆளும் வரும் பாஸ். ஆளு வேண்டாம்னா பேரையும் எடுத்துடுங்க."

பேரை எடுத்தால் மொஸ்தாக் போய்விடுவான். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு அவளைப் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பினார். அங்கே அவள் ஒருத்திதான் பெண். முக்காட்டின் மேல் மஞ்சள் கவசத்தை மாட்டிக்கொண்டு, இருப்பதிலேயே சின்ன பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறை போட்டு, பரீட்சையிலும் தேறி வந்துவிட்டாள். வேறு வழி இல்லாமல் டைல்ஸ் கிடங்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கிடங்கு என்றால் தரைத்தளத்தில், கார் நிறுத்த வேண்டிய இடத்தில் தகரம் அடித்த ஒரு மூலை.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவள் செய்த முதல் காரியம் பெரிய தப்பாகப் போயிற்று. மழைச்சாரலில் நனைந்து நைந்துபோன அட்டைப்பெட்டிகளைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. துணிக்கடையில் சரக்கு வந்ததும் உறையைப் பிரித்து, அளவு பார்த்து அடுக்கிவிடுவார்கள். அதே பழக்கத்தில் ஒரு வாரம் நின்று, நைந்த பெட்டிகளையெல்லாம் கிழித்து எறிந்துவிட்டு, சுவர் டைல்ஸை அளவு வாரியாக அழகாக அடுக்கி வைத்தாள். வந்தவர்கள் எல்லாம் கிடங்கு பளிச்சென்று இருக்கிறது என்றார்கள்.

டைல்ஸ் ஒவ்வொரு தடவை சூளையில் வேகும்போதும் நிறம் ஒரு நூல் மாறும். எந்தச் சூட்டில், அதாவது எந்தத் தடவை வெந்ததில், வந்தது என்பதற்கு ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். அந்தச் சரக்குக்கு எழுத்து இருந்தது அட்டைப்பெட்டியில் மட்டும். பெட்டி குப்பைக்குப் போனபோது எழுத்தும் போயிற்று.

பிப்ரவரியில் பத்தாவது மாடி நடைபாதைச் சுவரை, இவர்களுக்கு வேலை கொடுத்த மேல் ஒப்பந்தக்காரரின் ஆள் பார்த்துவிட்டு, இது என்ன திட்டுத்திட்டாக இருக்கிறது, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போட்டது மொஸ்தாக். கான் டெக் லிம் எல்லார் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டார். உனக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபடுகிறேன், கண் தெரியாத ஆளுக்கு எதற்கு பெர்மிட் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். மாடி விளக்கு வெளிச்சத்தில் பதித்தவனுக்கு எப்படித் தெரியும்? மொஸ்தாக் தலை குனிந்து நின்றானே தவிர, கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் அவனுக்குத் தெரியும். அதுதான் சப்பாரியாவுக்குத் தாங்கவில்லை.

அவளே முன்னால் போனாள். கலந்தது நான், பெட்டியைக் கிழித்தது நான், அவன்மேல் பழி போட வேண்டாம் என்றாள். கலந்தவளே பிரித்தும் தருவேன் என்றாள். எழுத்து இல்லாமல் எப்படிப் பிரிப்பாய் என்று முதலாளி எரிந்து விழுந்தார். முப்பத்து நான்கு வருடம் துணிக்கு நூலும் நூலுக்குப் பித்தானும் பொருத்திப் பார்த்த கண் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அன்று யார் நம்பப் போகிறார்கள்?

துணிக்கடையில் நிறம் பார்க்க வேண்டுமென்றால் துணியை வாசலுக்குக் கொண்டுபோவார்கள். கடை விளக்குப் பொய் சொல்லும், வெயில் சொல்லாது. சப்பாரியா டைல்ஸையும் வாசலுக்குக் கொண்டுபோனாள். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க மொஸ்தாக் நாலு நாலாகத் தூக்கிவந்து வெளிச்சத்தில் சாய்த்து வைப்பான். அவள் குனிந்து, தலையைச் சாய்த்து, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்பாள். சாம்பல் நிறத்தில் லேசாகப் பச்சை ஓடுகிறது ஒன்று, நீலம் ஓடுகிறது இன்னொன்று, இரண்டும் இல்லாமல் நடுவில் மூன்றாவது. மொஸ்தாக்குக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. சோறு ஆறிப்போனாலும் அடுத்த நாலைத் தூக்கப் போய்விடுவான்.

பிரிக்காத பெட்டிகள் கொஞ்சம் மீதி இருந்தன. அவற்றைத் திறந்து, அவள் பிரித்த அடுக்குகளோடு வைத்துப் பார்த்தார் முதலாளி. ஒன்றுகூடத் தவறவில்லை. பத்தாவது மாடிச் சுவரில் மறுபடி டைல்ஸ் பதித்தபோது மேல் ஒப்பந்தக்காரரின் ஆள் தடவிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அன்றிலிருந்து சப்பாரியா சாக்பீஸால் தேதியும் அடையாளமும் போடாத டைல்ஸ் கிடங்கைத் தாண்டக்கூடாது என்று சட்டமாயிற்று. இவளுக்குக் கொடுக்க வேலை இல்லை என்று சொன்ன அதே வாய்தான் சட்டம் போட்டது.

மார்ச் மாதம் அரசாங்கத்தின் மனிதவள அமைச்சிலிருந்து இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். கம்பெனிகள் ஆட்களின் பேரை மட்டும் காட்டி பெர்மிட் எடுக்கின்றனவா என்று பார்க்கத்தான். மாட்டினால் ஒரு மொஸ்தாக் மட்டும் இல்லை, ஒருத்தருக்கும் பெர்மிட் கிடையாது. ஜனவரியில் திடீரென்று பட்டியலில் ஏறிய அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி எங்கே என்று கேட்டார்கள். கான் டெக் லிம் முகத்தில் ஈயாடவில்லை. அலுவலகத்தில் ஃபோனில் சேதி கேட்ட நோரிடா பட்டியலைத் திறந்து அக்காவின் பேரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தப்பு நடக்காவிட்டாலும், நினைத்த தப்பு நெஞ்சில் இருக்கத்தானே செய்யும்.

சப்பாரியா கிடங்கில்தான் இருந்தாள். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட இளம் அதிகாரி கையில் ஒரு டைல்ஸைக் கொடுத்தாள், இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள், வாசலுக்கு நடந்தாள். அவனும் வேறு வழி தெரியாமல் பின்னால் போனான்.

"ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணுதான் மக்சிக்," என்று மலாய்ப் பாணியில் அத்தை முறை வைத்துச் சொன்னான்.

"நல்லா பாருங்க. அவசரமே இல்ல."

அவள் இரண்டையும் வெயிலில் கொஞ்சம் சாய்த்தாள். அதிகாரி குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"இதுல பச்சை அடிக்குது."

"அதைப் பார்க்கறதுதான் என் வேலை தம்பி."

வாசல் பதிவேட்டில் முதல் நாள் அவளை வெளியே நிறுத்தியது முதல் எல்லாம் எழுதி இருந்தது. அதிகாரிகள் அதைப் புரட்டிப் பார்த்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். கான் டெக் லிம் ஒரு சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால், என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். சப்பாரியா அவருக்கு ஒரு குவளை தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். குத்திக்காட்ட நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது, அடுத்தவரைக் குத்த மனம் வரவில்லை.

மூன்று மாதச் சராசரி நிறைந்தது. ஏப்ரல் மூன்றாம் வாரம் நோரிடா திரையைப் பார்த்துக்கொண்டே அக்காவுக்கு ஃபோன் போட்டாள். மொஸ்தாக்குக்குப் புதுப்பித்தாயிற்று, இரண்டு வருடம். அடுத்து முடியும் மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது. சொல்லும்போதே அழுதுவிட்டாள். சப்பாரியாவும்தான்.

அன்று மதியம் மொஸ்தாக் கிடங்குக்கு வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து அவள் முகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டாள். வந்தவன் சண்டைக்கு வந்திருந்தான். பன்னிரண்டாவது மாடிக்குக் கேட்ட நாற்பது பெட்டியை அவள் காலையில் நிறுத்தி வைத்திருந்தாள். பாதிக்கு மேல் வேறு சூடு.

"காலாம்மா, உங்களாலதான் நான் இந்த ஊர்ல இருக்கேன். இன்னிக்கு உங்களாலதான் கையக் கட்டிக்கிட்டு நிக்கறேன். ஒரு பெட்டியாச்சும் குடுங்க."

"மாட்டேன். சரியான சரக்கு நாளைக்கு வருது."

"நாளைக்கா?"

"ஆமா, நாளைக்குத்தான். இன்னும் ரெண்டு வருஷம் இங்கதானே இருக்கப் போற?"