தொப்பி மடிப்பில் தங்கிப்போன ஃபியூஸ்

மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கும் கொன்ஸ்தான்சா ஊரின் சந்தைக்குப் பின்னால், பூண்டு மூட்டை இறக்கும் இடத்தை ஒட்டி எலிகியோவின் கடை இருந்தது. நாலு கம்பம், மேலே தகரம், அவ்வளவுதான் கடை. கோவேறு கழுதையில் கிழங்கு சுமந்த லியோன்சியோவுக்கு இவன் கடைசி மகன். அண்ணன்மார் எல்லோரும் மண்ணைக் கட்டிக்கொண்டு அழ, இவன் மட்டும் வயரைப் பிடித்துக்கொண்டான். முதலில் ரேடியோ, அப்புறம் பைக்.

அந்தப் பள்ளத்தாக்கில் பைக்குக்குக் கம்பெனி கொடுத்த விளக்கு போதாது. கீழே இருக்கும் போனாவோ ஊருக்கு இறங்க வேண்டுமானால் கசபீத்தோ மலையைத் தாண்டியாக வேண்டும். பட்டப்பகலில் மேகம் வந்து ரோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டால், கம்பெனி விளக்கு அதற்குள் மெழுகுவத்தி போல மினுங்கும். அதனால் ஆளாளுக்கு மஞ்சள் விளக்கு, வெள்ளை விளக்கு, லாரி ஹாரன் என்று வாங்கிக்கொண்டு எலிகியோவிடம் வருவார்கள்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வயர் சுடுகிறது என்று பார்ப்பதற்காக ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பான். கழற்றிய கண்ணாடி ஃபியூஸ் தொப்பியின் மடிப்புக்குள் போகும். பைக்கின் சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். ஃபியூஸ் தொப்பியில் இருக்கிற வரை சாவியை யார் கேட்டாலும் தரமாட்டான். தொழிலுக்கு வந்த புதிதில், செம்புக் கம்பியோடு அனுப்பிய ஒரு பைக் காய்ந்த பூண்டு மூட்டையோடு நடுரோட்டில் எரிந்துபோனது. அன்றைக்கு வந்த வழக்கம் இது.

அன்று அவன் முன்னால் நின்றது மருமகன் வில்கினின் பைக். வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவன். முன்னால் விளக்கு நாலு, பக்கத்துக்கு ஒரு மஞ்சள் விளக்கு, போன் சார்ஜ் ஏற்ற ஒரு இணைப்பு, கப்பல் ஊதுவதுபோல ஊதும் ஒரு ஹாரன் என்று கேட்டிருந்தான். எலிகியோ முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தான். ஹாரனுக்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்தாயிற்று. ஹேண்டில் கழுத்தில் வயர்க்கட்டைத் தற்காலிகமாக ஒரு நூலால் கட்டியிருந்தான். அதற்கு டேப் சுற்றி, ஃபியூஸை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் ஒனெய்தா கைக்குழந்தையோடு, வில்கினையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். போனாவோவில் இருக்கும் மாமியாருக்குப் பேரனை இன்னும் காட்டவில்லை, அன்று போயே ஆக வேண்டும். மலை உச்சி ஏற்கனவே வெளுத்திருந்தது.

"அப்பா, மேகம் இறங்குது. இன்னும் நோண்டிக்கிட்டே இருந்தா நாங்க இங்கயேதான் கெடக்கணும்" என்றாள். "பேரன இந்தா, ஒரு முத்தம் குடு. கெளம்புறோம்."

குழந்தை கைக்கு வந்ததும் எலிகியோவுக்கு வயர் மறந்துபோயிற்று. கிரீஸ் படாமல் இருக்க முழங்கையில் ஏந்திக்கொண்டு அதன் நெற்றியை முகர்ந்தான். தாய் போன பிறகு பேட்டரி அட்டைப்பெட்டிமேல் தூங்கி அந்தக் கடையிலேயே வளர்ந்தவள் ஒனெய்தா. அப்பாவின் சட்டைப் பைக்குள் கைவிடுவது அவளுக்குச் சின்ன வயசுப் பழக்கம். சாவியை எடுத்து வில்கினிடம் வீசினாள். எலிகியோ கண்ணால் பார்த்தான், மனசில் ஏறவில்லை.

அவர்கள் போன பிறகு, எதிரே அடுப்பு வைத்திருக்கும் பியாவிடம் இஞ்சித் தண்ணி குடிக்கப் போனான். தாத்தாவானதும் மனுசனுக்குப் பல்லெல்லாம் வெளியே தெரிகிறதென்று அவள் கிண்டல் செய்தாள். சிரித்துக்கொண்டே தலையைச் சொறியத் தொப்பியைக் கழற்றினான். கண்ணாடி ஃபியூஸ் விழுந்து, சிமெண்ட் தரையில் உருண்டு, பியாவின் கால்மாட்டில் நின்றது.

"என்னய்யா அது, உன் பல்லா?" என்றாள் பியா.

அது வில்கினின் பைக்கில் கழற்றிய ஃபியூஸ். மலையில் வளைவுக்கு வளைவு ஹேண்டில் திரும்பும். நூல் நழுவும், வயர் இரும்பில் உரசும், தோல் போகும். ஃபியூஸ் இருந்திருந்தால் அது பட்டென்று போய் விளக்கு அணைவதோடு சரி. இப்போது அங்கே இருப்பது செம்பு, அது விடாது. வயர் முழுக்கக் கொதிக்கும். அந்த வயர் போவது பெட்ரோல் டாங்கிக்கு அடியில். டாங்கியை ஒட்டி வில்கின், அவனுக்குப் பின்னால் ஒனெய்தா, நடுவில் குழந்தை.

போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டபோது மணிகூட அடிக்கவில்லை, மலைக்குள் போய்விட்டார்கள். ஃபியூஸ் இல்லை, விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள் என்று பேசிப் பதிந்து அனுப்பினான். அது போய்ச் சேரவில்லை.

கடையில் இருந்தது ஒரு கிழங்கு விவசாயியின் பைக் மட்டும், கிளட்ச் பிடிக்காமலே ஓடும் ரகம். முன்விளக்கு கழற்றிய இடத்தில் வயர்கள் குடல்போலத் தொங்கின. விளக்கில்லாமல் மேகத்துக்குள் போனால் அவர்களைத் தேடுவது இருக்கட்டும், இவனை யாராவது இடித்துவிட்டுப் போவார்கள். ஒரு மஞ்சள் விளக்கை எடுத்தான், நேரே பேட்டரிக்கு இழுத்தான், ஹேண்டிலில் டியூப் ரப்பரால் கட்டினான். அவசரத்தில் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பியாவின் கால்மாட்டில் கிடந்த ஃபியூஸை ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து இதன் வயரில் போட்டுக்கொண்டான்.

மலையடிவாரத்தில் ஸ்ட்ராபெரி விற்கிறவனிடம் கத்திக் கேட்டான். "உங்க மருமவன்தான? இப்பத்தான் மாமே, பாட்டிக்குன்னு பழம் வாங்கிட்டுப் போனாங்க. எல்லா விளக்கையும் போட்டுக்கிட்டு, கிறிஸ்துமஸ் மாதிரி" என்றான் அவன். எல்லா விளக்கையும் என்ற சொல் காதில் விழுந்ததுமே எலிகியோ பைக்கை முறுக்கினான்.

ஏறஏற வெள்ளை கெட்டியானது. பைன் மரங்கள் போயின, ரோட்டோரக் கோடு போயிற்று, பிறகு தன் கையே மங்கலாகத் தெரிந்தது. ஒரு குழியில் பைக் குதித்ததும் ரப்பர் நழுவி, விளக்கு தலைகீழாகத் தொங்கி அவன் செருப்புக்கு வெளிச்சம் காட்டியது. நிறுத்திக் கட்ட மனசு வரவில்லை. இடக்கையில் விளக்கை ஏந்திக்கொண்டு வலக்கையால் ஓட்டினான். சூடு உள்ளங்கையில் ஏறியது.

எதிரே ஒரு முட்டைக்கோசு லாரி நத்தையாக இறங்கி வந்தது. விளக்கை ஆட்டி நிறுத்தினான். மேலே ஒரு பைக்கில் புகை வந்ததைப் பார்த்ததாக டிரைவர் சொன்னான். நிறுத்த இடமில்லையாம், பின்னால் வண்டி இருந்ததாம்.

"கொழந்த இருந்துச்சா?"

"இந்த மேகத்துல எதுனு பாக்குறது மாமே. பொகைய மட்டும்தான் பாத்தேன்."

அப்புறம் அந்த வாடை வந்தது. வயர்த்தோல் கருகும் வாடை, அவன் ஆயுசு முழுக்க முகர்ந்தது. இவ்வளவு காலமும் அது வேலையின் வாடையாக இருந்தது. பைக்கை மெதுவாக்கினான். வேகமாகப் போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒனெய்தா என்று கூப்பிட்டான். வெள்ளைக்குள்ளிருந்து பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது ஒரு குழந்தை வீறிட்டது.

உச்சியில் இருக்கும் மாதா கோவில் சுவரோரம் அவர்கள் இருந்தார்கள். பைக் சாய்ந்து கிடந்தது, சீட் தனியாகக் கிடந்தது, டாங்கியின் அடி கரியாக இருந்தது. ஒனெய்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில், அவளுடைய வலது கை விரல்கள் ஸ்ட்ராபெரிப் பைக்குள், குளிர்ச்சிக்காக. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் முதலில் வாடை தட்டியிருக்கிறது. வில்கின் என்ஜின் வாடை என்றிருக்கிறான். நிறுத்து என்று அவன் முதுகில் குத்தி, குழந்தையை அவன் கையில் திணித்து, சீட்டைப் பிடுங்கி, சிவந்து நின்ற செம்புக் கம்பியை வெறுங்கையால் இழுத்து எறிந்திருக்கிறாள். விரல்களின் குறுக்கே கோடு கிழித்தாற்போலக் கொப்புளம்.

எலிகியோ பேரனின் காலைத் தொட்டுப் பார்த்தான். கை, கழுத்து, காது என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான்.

வில்கின் கத்தினான். "எம் புள்ளைக்கு எதாவது ஆயிருந்தா? விளக்கு ஜாஸ்தி, ஹாரன் ஜாஸ்தின்னு என்னையவே திட்டுவீங்க. ஃபியூஸ் போடாம அனுப்பினது யாரு?"

"நான்தான்" என்றான் எலிகியோ.

"சாவிய எடுத்தது நான்" என்றாள் ஒனெய்தா.

"நீ சும்மா இரு. குடுக்கக் கூடாதுன்னு எனக்குத்தான தெரியும்."

வில்கின் தன் பைக்கை நிமிர்த்திச் சாவியைத் திருகிப் பார்த்தான். அவன் பைக்கில் இனி விளக்கும் எரியாது, என்ஜினும் பிடிக்காது. அங்கேயே இருந்தால் குழந்தைக்குக் குளிர் தாங்காது. கொன்ஸ்தான்சாவுக்கே திரும்பி இறங்குவதென்று ஆயிற்று. எலிகியோ முன்னால், அவன் பின்னால் ஒனெய்தாவும் குழந்தையும். நல்ல கையால் அவள் அப்பாவின் தோளுக்குமேல் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். வில்கின் என்ஜின் இல்லாமல், பிரேக்கை மட்டும் நம்பி, அந்த வெளிச்சத்தின் பின்னாலேயே உருட்டி வர வேண்டும்.

முதல் வளைவு முடிந்ததும் எலிகியோ திரும்பாமலே கேட்டான், "வில்கின், இருக்கியா?"

சத்தம் இல்லை. டயர் சத்தம்கூட இல்லை. ஒரு கை தூரத்துக்கு அப்பால் வெள்ளை. அவன் பிரேக்கைத் தொட்டான்.

"இருக்கியாப்பா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றது மேகம், கோபம் ஆறாத குரலில். "பிரேக்கப் போடாதீங்க, நான் வந்து இடிக்கப் போறேன். முன்னாடி பாத்து ஓட்டுங்க."

அவன் முன்னால் பார்த்து ஓட்டினான். அடுத்த வளைவிலும் கேட்டான். அடிவாரம் வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே இறங்கினான்.