நாகலாபுரம், சைபர்

காலை ஆறு பத்து. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு காலிக் குவளை.

கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை. கீழே கரிசல் மண், பக்கத்தில் ஒரு துவைக்கிற கல். படத்தோடு ஒரு வாய்ஸ் மெசேஜ். அழுத்தினேன்.

"நாகலாபுரம்... சைபர்."

ரெங்கசாமியின் குரல். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி முதலில் ஊர்ப் பெயர், சின்னதாக ஒரு நிறுத்தம், அப்புறம் எண்.

மொட்டை மாடிக்குப் போய் என் குவளையைப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர். முந்தின நாள் சாயங்காலம் கோவில்பட்டியில் ஒரு தூறல். கிழக்கே, விளாத்திகுளம் நாகலாபுரம் பக்கம், மின்னல் விடாமல் வெட்டிக்கொண்டிருந்தது. அங்கே சைபரா? இருக்கலாம். இந்தப் பக்கத்து மழையை யார் நம்புவது? வரப்புக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும்.

"கோவில்பட்டி, ரெண்டு மில்லி" என்று அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

இந்தக் குவளை விவகாரம் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

விளாத்திகுளத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர் சண்முகத்தாய். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அக்கா என்பேன். அவருடைய பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு புராஜெக்ட் – மழையை அளக்க வேண்டும். ஆன்லைனில் ஒரு மழைமானி வந்தது. பேத்தி மார்க்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். குவளை பாட்டிக்கு மிச்சம்.

மிச்சமான பொருளைச் சும்மா வைத்திருக்கிற வழக்கம் மளிகைக்கடைக்காரர்களுக்குக் கிடையாது. அக்கா தினமும் அளந்தார். தெரிந்தவர்களுக்குப் படம் அனுப்பினார். எட்டயபுரம் செல்லையா அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை, அவரும் ஒரு குவளை வாங்கினார். அப்புறம் நான். அப்புறம் இன்னும் சில ஊர்கள். இப்படிப் பிறந்ததுதான் எங்கள் வாட்ஸ்அப் குரூப். பெயர் 'மழை எம்புட்டு?' எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். அட்மின், வேறு யார்? அக்காதான்.

குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பினால் அக்காவிடம் திட்டு நிச்சயம். ரூல் இரண்டே இரண்டு. ஒன்று, அளந்த கைதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் சொன்னார், பஸ்ஸில் கேட்டேன் என்பதெல்லாம் செல்லாது. காரணம் உண்டு. புரட்டாசி பிறந்துவிட்டால் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எங்கள் எண்ணைக் கேட்டுத்தான் விதைக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். மழையை நம்பியே விதைக்கிற மண்ணில் பொய் மழை சொன்னால் விதை போய்விடும்.

இரண்டாவது ரூல், மழை இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். சைபர் என்றால் சைபர். முதலில் இந்த ரூல் கிடையாது. ஒருமுறை ஒரு உறுப்பினர் மூன்று நாள் பேசவில்லை. மழை இல்லை, அதனால் பேசவில்லை என்று நாங்கள் இருந்துவிட்டோம். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதிலிருந்து சைபரும் கட்டாயம்.

மாதம் ஒருநாள் கோவில்பட்டியில் கூடுவோம். காபி, கடலைமிட்டாய். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதி மிட்டாய் – மீதிப் பாதியை அவர்களே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். மற்ற நாட்களில் வீடியோ கால். செல்லையா அண்ணாச்சி போனை மேஜையில் படுக்கவைத்துப் பேசுவார்.

"அண்ணாச்சி, மூஞ்சியக் காட்டுங்க. உங்க வீட்டு ஃபேனையே பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்பார் அக்கா.

"ஃபேன் என்னைய விட லெச்சணமாத்தான இருக்கு, பாரும்மா."

நாகலாபுரம் ரெங்கசாமி மனைவியை இழந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவர், தனி வீட்டில் இருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவரும் செல்லையா அண்ணாச்சியும் போனில் கேரம் ஆடுவார்கள். ஒருவர் நாகலாபுரத்தில், ஒருவர் எட்டயபுரத்தில். ஆட்டம் முடிந்ததும் யார் ஏமாற்றியது என்று குரூப்பில் பஞ்சாயத்து நடக்கும். போன இரண்டு கூட்டத்துக்கு மட்டும் ரெங்கசாமி வரவில்லை. முழங்கால் வலி என்றார். யாரும் சந்தேகப்படவில்லை. முழங்கால் வலியைச் சந்தேகப்படுகிற வயசா எங்களுக்கு?

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

ஒன்பது மணிக்கு அக்காவின் வாய்ஸ். பின்னால் கடைச் சத்தம்.

"நாகலாபுரத்துலருந்து மொளகா வத்தல் கொண்டாந்த ஆளு இப்பத்தான் கடைக்கு வந்தாவ. செருப்புல அரைப்படி கரிசல் ஒட்டிருக்கு. வாசப்படியெல்லாம் ஒரே சகதி. நேத்து சாயந்தரம் ஊத்து ஊத்துன்னு ஊத்திருக்காம். ரெங்கசாமி அண்ணாச்சி என்ன, சைபர்ங்காவ?"

கரிசல் மண் பொய் சொல்லாது. காய்ந்தால் பிளக்கும், நனைந்தால் காலை விடாது.

"கண்ணு மங்கிட்டோ என்னமோ" என்றார் செல்லையா அண்ணாச்சி.

ரெங்கசாமிக்குப் போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. நான் போட்டேன், எடுக்கவில்லை. குளியலறையில் விழுந்தவரின் ஞாபகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

அக்கா கடையை மருமகள் கையில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்து ஒரு படம் வந்தது. ரெங்கசாமி வீட்டுக் கதவு. கதவில் பூட்டு.

அடுத்த படம் கொல்லைப்புறம். அதே குவளை, அதே துவைக்கிற கல். குவளையில் தண்ணீர்.

அதற்கப்புறம் வந்த வாய்ஸில், அக்காவின் போனுக்கு எட்டத்தில், பக்கத்து வீட்டு அம்மாவின் குரல். "அவியளா? அவிய மகன் வந்து ஆடிக்கு முன்னயே பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவளே. ஒங்களுக்குத் தெரியாதா?"

பிறகு அக்கா, தந்தி அடிக்கிற மாதிரி.

"நாகலாபுரம். நாப்பத்தி மூணு மில்லி. அளந்தது சண்முகத்தாய்."

நான் குரூப்பில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். ரெங்கசாமி அனுப்பிய படங்கள் ஒவ்வொன்றாக. கோணம் கொஞ்சம் மாறுகிறது, வெளிச்சம் மாறவில்லை. துவைக்கிற கல்லின் ஓரத்தில் ஒரு வேப்பிலை. முந்தின நாள் படத்திலும் அதே இடத்தில் அதே இலை. போன வாரமும். அதற்கு முந்தின வாரமும்... ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊர் இது. ஆடி முழுக்க ஒரு வேப்பிலை அசையாமல் கிடந்திருக்கிறது. பத்திரிகையில் படத்தை உற்றுப் பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். பார்க்கவில்லை. காலிக் குவளையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

மத்தியானம் ரெங்கசாமி குரூப்புக்கு வந்தார். குரலில் அந்தச் செய்தி வாசிப்பு இல்லை.

"தாயீ சண்முகத்தாயி, கோவப்படாத. முழங்கால டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துரலாம்னுதான் மகன் கூட்டியாந்தான். வந்தப்பொறவு, தனியா இருக்க விட மாட்டேன்ங்கான். அவன் சொல்லுததும் நியாயந்தான். கிளம்புன அன்னைக்குக் கொல்லையில நின்னு கொஞ்சம் போட்டோ எடுத்து வச்சிக்கிட்டேன். ஆடி ஆவணில நம்ம ஊருல என்ன மழ பெய்யப் போவுது, சைபர்தானன்னு நெனச்சேன். தேவுடா... இப்படி ஊத்தும்னு யாருக்குத் தெரியும்?"

மறுபடி ஒரு பதிவு.

"ஊர விட்டுட்டேன்னு சொன்னா ரூல்படி நான் குரூப்புல இருக்க முடியாதுல்லா? காலம்பற ஆறு மணிக்கு இங்கன எல்லாரும் தூங்குதாவ. ஒங்க ஒவ்வொருத்தர் சத்தமா வரும். அதக் கேட்டுட்டுத்தான் காபி குடிக்கேன். என்னைய எடுத்துராத தாயீ."

முதலில் பதில் சொன்னது செல்லையா அண்ணாச்சி.

"ஏன்வே, அப்ப பெங்களூருல உக்காந்துக்கிட்டா எஞ் செவப்புக் காயப் போட்டீரு?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

'சண்முகத்தாய் டைப் செய்கிறார்' என்று வரும். மறையும். மறுபடி வரும். வாய்ஸில் பேசுகிற மனுஷி டைப் செய்ய உட்கார்ந்தாலே விஷயம் பெரிது என்று அர்த்தம்.

மறுநாள் காலை அக்காவின் குரல் வந்தது. "விளாத்திகுளம், சைபர். ஒரு விசயம். பொய்க் கணக்குச் சொன்னது தப்பு. அண்ணாச்சி சைபர்னு சொன்னதக் கேட்டு ஒருத்தன் வெதைக்காம ஈரத்த விட்டுட்டா, அந்த வயித்தெரிச்சல யாரு வாங்கிக் கட்ட? நாகலாபுரம் இனிமே கெடையாது. அளக்கக் கையில்லாத ஊர எதுக்குச் சொல்லணும்?"

ரெங்கசாமியை வெளியேற்றவில்லை. பேசச் சொல்லவும் இல்லை. அடுத்து வந்த காலைகளில் ஒவ்வொருவராக ஊர் சொன்னோம். நான் அனுப்பியதை யார் யார் கேட்டார்கள் என்று பார்ப்பேன். பட்டியலில் முதல் பெயர் எப்போதும் ரெங்கசாமி. கேட்டார். பதில் இல்லை. கேரம் பஞ்சாயத்தும் நின்றுபோனது.

யோசித்துப் பார்த்தேன். பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள் பாசத்தோடுதான் பெட்டி கட்டுகிறார்கள். மாத்திரை, எக்ஸ்ரே, ஸ்வெட்டர், சார்ஜர் – ஒன்றையும் மறப்பதில்லை. காலையில் எழுந்ததும் அவர் யாரிடம் பேசுவார்? அதை எந்தப் பெட்டியில் வைப்பது?

வியாழக்கிழமை அக்கா போன் செய்தார்.

"தம்பி, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். பெங்களூரு பஸ்ல பார்சல் எங்கன போடணும்? வந்து காட்டு."

போனேன். ஒரு அட்டைப்பெட்டி, சணல் கயிறு கட்டியது. வத்தல் நெடி தூக்கியது.

"வத்தலா அக்கா?"

"வத்தலும் இருக்கு. பெங்களூருக்காரன் வத்தல்ல என்ன காரம் இருக்கும்?"

பார்சல் ஆபீஸ் பையன் உடைகிற பொருள் ஏதும் உண்டா என்று கேட்டான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். வத்தலுக்கு நடுவே, பழைய வேட்டித் துணியில் சுற்றிய குவளை.

"ரெங்கசாமி குவளையா இது?"

"பெறகு? வந்த கோவத்துல அன்னைக்கே புடுங்கிட்டு வந்துட்டேன்."

"அப்போ அவரைச் சேத்துக்கிட்டீங்களா? நம்ம பக்கத்து மழை இல்லையே அது..."

"அளந்த கைதான் சொல்லணும்ங்கதுதான ரூலு? எந்த ஊருன்னு ரூல்ல எங்க இருக்கு?"

எனக்கும் அதுவரை தோன்றவில்லை. ரூல் போட்டவருக்குத்தான் ரூல் தெரியும்.

"இதை அன்னைக்கே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்லிருக்கலாம். பொய் சொன்னவரு நாலு நாளு முழிச்சிக்கிட்டுக் கெடக்கட்டும்னு விட்டேன்." அக்கா கயிற்றை இறுக்கிக் கட்டினார். "நானுந்தான் முழிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

பையன் பெட்டியைக் குலுக்காமல் வாங்கி உள்ளே வைத்தான். அக்காவுக்கு விளாத்திகுளம் பஸ் வந்தது, ஏறிப் போனார். கோவில்பட்டி வந்துவிட்டு ஒரு காபி கூடக் குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஆறு பத்து. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனைத் திறந்தேன்.

ஒரு மொட்டை மாடி. பின்னால் வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். நடுவில் கோடு போட்ட குவளை. அதன் அடியில் கரிசல் மண் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

வாய்ஸை அழுத்தினேன். முதலில் ஊர்ப் பெயர், சின்னதாக ஒரு நிறுத்தம், அப்புறம் எண்.

"பெங்களூரு... சைபர்."