ஆஃப்-ஆன் மாமாவின் பாஸ்வேர்டு

வீட்டில் அவருக்கு ஆஃப்-ஆன் மாமா என்றுதான் பெயர். இன்டர்நெட் கம்பெனி ஒன்றின் புகார்களை வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்ளும் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன், வாயில் ஒரே மந்திரம்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே வைஃபை விட்டு விட்டு வந்தால் எப்படியிருக்கும்? யாரோ ஒரு வாடிக்கையாளர் திட்டிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரில் இணைப்பு அறுந்துவிடும். வைஃபை பெட்டியை உயரத்தில் வைத்துப் பார்த்தார், வயரை மாற்றினார், ஒன்றும் மசியவில்லை. "இன்னொரு தடவை கட்டானா ஆபீசுக்கே வந்துடுங்க" என்றாள் மேலதிகாரி. ஆபீஸ் வேறு ஊரில். போவதாக இருந்தால் வேலையை விட வேண்டியதுதான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மாடியில் குடியிருந்த அக்காவின் மகள்மேல் சந்தேகம் போயிற்று. இதே வைஃபையைத்தான் அவளும் பயன்படுத்துகிறாள். படம் பார்த்தே பாதியை உறிஞ்சிவிடுகிறாள் என்று முடிவு கட்டி, காலையில் யாரிடமும் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினார்.

மதியமே மறுபடி அறுந்தது. அப்போதுதான் எல்லோரிடமும் முதலில் கேட்கும் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டார்: போனில் வைஃபை வருகிறதா? ஜம்மென்று வந்தது. அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டரில். தேடினால், மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபையை அவ்வப்போது அணைத்துவிடும் அமைப்பில் ஒரு டிக். போட்டவர் அவரேதான். ஊருக்கு உபதேசம் செய்பவர் அதை எடுத்துவிட்டார். அதன்பின் இணைப்பு அசையவில்லை.

பாஸ்வேர்டு விஷயத்தை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டரைக் கையில் ஏந்தியபடி அக்கா மகளே படியிறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, காலைல வீடியோல இன்டர்வியூ. பாதியில நின்னுடுச்சு. இது பழசு இல்லையா, கெட்டுப்போச்சு போல. கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?"

புது பாஸ்வேர்டைச் சத்தமில்லாமல் அடித்துக் கொடுத்தால் போதும், அவளே கைராசி என்று புகழ்வாள். விரல் கீபோர்டு வரை போயிற்று. ஆனால் அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. நான்தான் பாஸ்வேர்டை மாத்தினேன். உன்னாலதான் என் லைன் கட்டாகுதுன்னு நெனச்சேன். தப்பு என் கம்ப்யூட்டர்ல. மறுபடி கூப்பிடச் சொல்லி எழுதும்மா. நானே பேசுறேன் வேணா."

"போன் டேட்டாவுல எழுதிட்டேன் மாமா. வேற ஆளை எடுத்துட்டாங்களாம்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க. வேற எடத்துக்கு அப்ளை பண்ணணும்."

"குடு, நானே அடிச்சுத் தர்றேன்."

"வேணாம் மாமா. நீங்க சொல்லுங்க, நான் அடிச்சுக்கிறேன்."

கோபத்தில் வைத்த பாஸ்வேர்டு. தலையைத் தூக்காமல், ஒவ்வொரு எழுத்தாக, 'ஓசிக்குக் கிடையாது' என்று அவளுக்குச் சொல்லி முடித்தார். அவள் ஒரு எழுத்தும் விடாமல் அடித்தாள்.