மூன்றாவது பிரேக் ஹோஸ்

1986-ஆம் ஆண்டு. பினாங்கு, ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில்தான் இது தொடங்கியது. பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது, அதில் என் வேலையும் போனது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கையில் கிடைத்த இழப்பீட்டுக்கு நகை வாங்கி வை என்றார்கள் எல்லோரும். நான் ஒரு பழைய பிக்கப்பை வாங்கி வந்தேன். ஐம்பதுகளில் வந்த வண்டி. பூச்செடி விற்கும் சீனர் ஒருவரின் தோட்டத்தில் கோழிகள் அதில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. லாரியில் ஏற்றி வந்து இறக்கியபோது பின்தட்டில் இரண்டு முட்டைகள் இருந்தன. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நானும் சும்மா வாங்கவில்லை. மார்க்கெட் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், சொந்தமாக வண்டி இருந்தால் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்குத் தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஐந்து மாதம் அவகாசம். அதற்குள் வண்டி ஓட வேண்டும், அரசாங்க வாகனப் பரிசோதனையில் தேற வேண்டும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, "பொம்பளப் புள்ளைக்கு இது தேவையாலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கேட்கக் கேட்க எனக்கு வீம்பு ஏறியது. தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்த கை இது. தெரியாததைப் புத்தகம் வைத்துப் படித்தேன், பட்டறைகளில் போய்க் கேட்டேன்.

எனக்குத் துணை நின்றவர் அப்பப்பா, அப்பாவின் அப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் வந்து, ரயில்வே சாமான் கிடங்கில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. வாழ்க்கையில் ஒரு ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை. முழங்கால் வலியால் குனியவும் முடியாது. ஆனால் நான் வண்டியைப் பிரிக்கத் தொடங்கிய முதல் நாளே தடித்த அட்டை போட்ட நோட்டுடன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார். கழற்றிய ஒவ்வொரு நட்டுக்கும் பால் டின், ஒவ்வொரு டின்னுக்கும் எண். செய்த வேலைக்கு நோட்டில் ஒரு வரி. வரியின் கடைசியில் 'செய்தவர்' என்று நான் கையெழுத்திட வேண்டும், 'பார்த்தவர்' என்று அவர் கையெழுத்திடுவார்.

இதற்கு மேல் ஒரு சட்டமும் வைத்திருந்தார். வாங்கிவந்த புதுச் சாமான்கள் எல்லாம் அவருடைய அலமாரியில் பூட்டி இருக்கும். "பழசைக் கொண்டா பிள்ளை, புதுசைத் தாறன்" என்பார். கழற்றிய பழையதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்த பிறகுதான் சாவி வெளியே வரும். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நான்காவது மாதம் இன்ஜினைத் திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை. அது முழுக்க அவருடைய வேலை.

பரிசோதனைக்குத் திங்கட்கிழமை நாள் கிடைத்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை பிரேக் ஹோஸ்களை மாற்றினேன். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்கள், மொத்தம் மூன்று. இரண்டை மாற்றிவிட்டேன். முன்னால் இடது பக்கத்து நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், சுத்தியலால் தட்டினேன். விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். மிஞ்சித் திருகினால் அந்த நட்டு பூட்டியிருந்த இரும்புக் குழாயே உடைந்துவிடும் போலிருந்தது. உடைந்தால் திங்கட்கிழமை போகும். அது போனால் அடுத்த நாள் கிடைக்க ஒரு மாதம், அதற்குள் கேன்டீன் வேலையும் போகும். பழைய ரப்பர் குழாயை அழுத்திப் பார்த்தேன். தாங்கும் என்று தோன்றியது. தோன்ற வைத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

சட்டம் இருக்கிறதே! அப்பப்பா கழிவுப் பெட்டியில் போட்டிருந்த பழைய குழாய் ஒன்றை அவர் தேநீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் எடுத்து, மூன்றாவது என்று அவரிடமே திரும்பக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், தலையசைத்தார், புதியதை எடுத்துத் தந்தார். அதை ஒளித்து வைத்துவிட்டு நோட்டில் நான் கையெழுத்திட்டேன். பக்கத்தில் அவரும் இட்டார். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை, பரிசோதனைக்கு முன்னால் குயின் தெருக் கோயிலில் வண்டிக்குப் பூசை செய்ய வேண்டும் என்றார். வெள்ளைச் சட்டை போட்டு, அதிகாரியிடம் காட்டுவதற்காக நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மார்க்கெட் தெருவில் திரும்பினேன். முன்னால் ஒரு திரிஷா, மூன்று சக்கர சைக்கிள் வண்டி; அதில் காய்கறிக் கூடையுடன் ஓர் அம்மாள். பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

கை பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். ஒரு மளிகைக் கடையின் வெளியே அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளில் போய் மோதி நின்றோம். திரிஷா எங்களை உரசாமல் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பப்பாவின் மூக்குக்கண்ணாடி நொறுங்கியிருந்தது. புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

"வெங்காயம் வேணும்னா எறங்கி வந்து கேக்கலாம்லா, காடியோடயா வருவ தங்கச்சி?" என்று கத்திக்கொண்டே வந்த கடைக்காரர், ரத்தத்தைப் பார்த்ததும் அப்பப்பாவைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார். துண்டில் ஐஸைச் சுற்றிக் கொடுத்தார். நல்லவேளை, காயம் ஆழமில்லை.

நான் தரையில் உட்கார்ந்தேன். "அப்பப்பா, இடப்பக்கத்து ஹோஸை நான் மாத்தேல்லை."

"மூண்டு பழசும் தந்தனியே?"

"ஒண்டையே ரெண்டு தரம் தந்தனான்."

அவர் திட்டவில்லை. நோட்டை எடுத்து வரச் சொன்னார். "கண்ணாடி இல்லை. அந்த வரியிலை என்ரை விரலைக் கொண்டுபோய் வை" என்றார். வைத்தேன். கடைக்காரரிடம் பேனா வாங்கி, விரலுக்குப் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். "நான் பாக்கேல்லை. பாத்ததெண்டு போட்டுட்டன். அது என்ரை பிழை" என்றார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "உன்ரையை நீ வெட்டு."

கடைக்காரர் முன்னால், வாடிக்கையாளர்கள் முன்னால், விக்கி விக்கி அழுதுகொண்டே வெட்டினேன்.

மறுநாளே மறுபடி வண்டிக்கு அடியில் போனேன். இரண்டு நாள் போராடியும் நட்டு அசையவில்லை. இரும்புக் குழாயையே அறுத்தெடுத்து, புது இரும்புக் குழாய் போட்டு, புது ஹோஸை மாட்டினேன். எதிர்பார்த்தபடியே கேன்டீன் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துப் பரிசோதனையில் தேறினோம். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றினேன், கல்யாண வீடுகளுக்கு நாற்காலி ஏற்றினேன், மெல்ல மெல்லக் காலூன்றினேன். அப்பப்பா என்ன செய்தார் என்கிறீர்களா? அந்தப் பரிசோதனைக்குக் கிளம்பிய காலையில், பிரேக் சரியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருவத்தில் தழும்போடு வந்து, கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

பிரேக் போன பயம் எனக்கு ஒரு வாரத்தில் போய்விட்டது. பொய் சொன்னவள் என்று தெரிந்த பிறகும் ஒருவர் என்னை நம்பி மறுபடி என் வண்டியில் ஏறினார் என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை.