குன்வோர் அத்தையின் அகல டயர்

வடக்கு ஸ்வீடனில் எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. உதட்டைக் குவித்துக் காற்றை 'ஷுப்' என்று உள்ளே இழுப்போம், சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல. ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறவர்கள் ஏதோ மூச்சுக்கோளாறு என்று பயந்துபோவார்கள். என் அப்பாவின் அக்கா குன்வோர் அத்தை பேசுவதே குறைவு. அவளுடைய ஆமாம்கள் எல்லாமே உள்ளே போனவைதான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைத்தே வயதானவள். கார் முழுக்க அவள் கணவர் ஹில்டிங் மாமாவின் பொறுப்பாக இருந்தது. சர்க்கரை நோய் முதலில் அவர் கண்ணைப் பறித்தது, பிறகு சிறுநீரகத்தை. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய நகரத்து மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஒருமுறை தவறினாலும் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். அதனால் இந்த வயதில் அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

இலையுதிர்காலத்தில், பனிக்கட்டியைப் பிடிக்க ஆணி பதித்த பழைய டயர்கள் தேய்ந்து போயிருந்தன. மாமா கட்டிலில் படுத்தபடியே சொன்னார்:

"குறுகலா வாங்கு. நூத்தித் தொண்ணூத்தஞ்சு மில்லி அகலம். அகலமானது பாக்க ஜோரா இருக்கும், ஆனா பனிச்சகதி மேல மிதக்கும். ஒல்லியானதுதான் சகதியை அறுத்துக்கிட்டுப் போய் ரோட்டைப் பிடிக்கும். கேக்குதா?"

"ஷுப்," என்றாள் அத்தை.

முதல் பனி விழுந்த மறுநாள், ஊரே ரோலந்தின் டயர் கடையில் நின்றது. ரோலந்த் அத்தையைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"குன்வோர்! நீயும் வந்துட்டியா? ஹில்டிங்கோட அந்த ஒல்லிப்பிச்சான் டயரெல்லாம் இனி வேணாம். இருநூத்தி இருபத்தஞ்சு போடறேன், மகாராணி மாதிரி போகலாம். சரிதானே?"

அந்த நொடியில் பின்னால் காற்றுக்குழாய் ஒன்று படாரென்று பிடுங்கிக்கொண்டது. அத்தை திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள்.

"நல்லது!" என்று ரோலந்த் திரும்பிவிட்டான்.

அத்தை கடை மூலையில் காப்பியை ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது இரண்டு சக்கரங்கள் ஏறிவிட்டிருந்தன. பின்னால் அத்தனை பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால், 'நான் சொன்னது ஆமாம் இல்லை, பயந்துபோனேன்' என்று எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் மாமா கேட்டார்: "குறுகல்தானே?"

அத்தை காற்றை உள்ளிழுத்தாள். இந்த முறை எதுவும் வெடிக்கவில்லை.

அடுத்த வாரம் தனியாகப் போய் ரோலந்திடம் கேட்டிருக்கிறாள். குறுகலானது தீர்ந்துவிட்டது, குளிர்காலம் பாதி போன பிறகுதான் வரும் என்றானாம். இதையெல்லாம் என்னிடம் சொன்னது கிறிஸ்துமஸுக்கு முன்னால், மாமா தூங்கிக்கொண்டிருந்தபோது.

"மாமாகிட்ட சொல்லிடேன், அத்தை."

"கண்ணு போனப்புறம் அவருக்கு இன்னும் தெரியறது டயர் ஒண்ணுதான். அதுலயும் பொய் சொல்லிட்டேன்னு சொல்லவா?"

சாலை உறைந்து கிடந்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஆணிகள் கடகடவென்று பனிக்கட்டியைப் பிடித்துக்கொண்டன. ஜனவரியில் குளிர் திடீரென்று விட்டது. பனியின்மேல் மழை பெய்தது. உமே ஆற்றோரச் சாலையில் மரலாரிகள் உழுதுபோட்ட சகதி கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அன்று பேருந்து வரவில்லை. நானும் நகரத்துக்குப் போக வேண்டியிருந்ததால், மாமாவை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்திலேயே காரின் வால் ஆடத் தொடங்கியது.

"என்ன குன்வோர், காரை விட்டுட்டுப் படகை எடுத்துட்டு வந்தியா?"

மாமா ஜன்னல் கண்ணாடிப் பக்கம் காதைத் திருப்பினார்.

"ஆணிச் சத்தத்தையே காணோமே." சற்றுப் பொறுத்துத் தணிந்த குரலில் சொன்னார்: "இது அகலம்."

வளைவு வந்தது. அத்தை ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் திரும்பவில்லை. நேராகப் போய், ஓரத்துப் பனிக்குவியலில் மெத்தையில் படுப்பதுபோல இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை.

"ரோலந்தா?"

"ஷுப்."

"அந்தப் பயலுக்கு எல்லாமே பெருசா இருந்தாத்தான் திருப்தி. அவன் வீட்டு டீவியே செவுத்தவிடப் பெருசுன்னு நீதானே சொன்னே." சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது.

நான் இறங்கித் தள்ளிப் பார்த்தேன், சக்கரம் சகதியைத்தான் என்மேல் வாரியடித்தது. அத்தை மருத்துவமனைக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். நர்ஸ் எங்கள் பக்கத்துப் பெண்.

"முன்னால மேட்டுல மரலாரி ஒண்ணு குறுக்கே விழுந்து கிடக்கு, ஹில்டிங். ஆம்புலன்ஸ் வடக்கால சுத்தித்தான் வரணும். இருக்கிறதே ஒரு வண்டி. முடியலைன்னா சொல்லு, அனுப்பறேன். நாளைக் காலைல வரைக்கும் தாங்குவியா?"

மாமா சின்னதாக மூச்சை இழுத்தார். ஷுப்.

"சமத்து! நாளைக்கு முதல் ஆளா உனக்குப் படுக்கை போட்டு வைக்கறேன்." போன் அணைந்தது.

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை மெதுவாக மாமா பக்கம் திரும்பினாள். அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சமீபமாக, சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய நாளன்று காலையில் அவருக்கு மூச்சு இப்படித்தான் வெட்டி வெட்டி வரும்.

"அது ஆமாவா, மூச்சா?"

மாமாவின் நெஞ்சு ஏறி இறங்கியது.

"ஹில்டிங். வாயத் திறந்து சொல்லு. ஆமாவா?"

மாமா அத்தையின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு மறுபடியும் காற்றை உள்ளே இழுத்தார்.

அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. அவள் போனை எடுத்து அதே எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸை அனுப்பு என்று இந்த முறை வாயால் சொல்லிவிட அத்தை உதட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். யாரும் எடுக்கவில்லை.