தேவநாதனின் துண்டு

ஆலப்பாக்கம் தாண்டி, கடலூர்–சிதம்பரம் ரோட்டில் இருக்கிற லாரி எடை மேடை என்னுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சவுக்குக் கட்டை சுமந்தேன், லாரி ஓட்டினேன், கடைசியில் லாரியையே எடை பார்க்கிற இடத்துக்கு முதலாளி ஆனேன். பீற்றிக்கொள்கிறான் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். பீற்றிக்கொள்ள என்னிடம் சரக்கு இருக்கிறது.

ஆனால் இது என்னிடம் எடைச் சீட்டுப் போடுகிற தேவநாதனின் கதை. பி.காம். படித்தவன். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் மாமியார் வீட்டுக் கடிகாரம், தோளில் துண்டு.

எங்கள் கம்ப்யூட்டர் கிழம். ராத்திரி மெயினை அணைத்தால், காலையில் தேதியை மறந்து 2009-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை இன்றைக்கு இழுத்து வருவது தேவநாதன் வேலை. ஊதுவத்தி கொளுத்துவான். கடிகாரத்தைப் பார்ப்பான். துண்டை விரித்துக் கீபோர்டை மறைத்துக்கொண்டு எதையோ தட்டுவான். வெளியே லாரிகள் ஆரன் அடித்தாலும், “இருங்கப்பா, தேதி வெக்கறேன்” என்பான், கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பவன் மாதிரி.

சொல்லிக் கொடுடா என்றால், “அது உள் செட்டிங் மொதலாளி. உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி?” என்பான். அந்தத் தலைவலி தன்னிடம் இருக்கும்வரை தன் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது என்பது அவன் கணக்கு. “நான் ஒரு நாள் வரலன்னா ஒரு லோடு நவுராது” என்று டீக்கடையில் வேறு சொல்லி வைத்திருந்தான்.

போன மாதம் சிதம்பரத்தில் அவன் மச்சினனுக்குக் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை போகாமல் முடியுமா?

“ஒரு நாள் மூடிடுங்க மொதலாளி. நான் இல்லாம சிஸ்டத்தத் தொடாதீங்க.”

“மேடையக் கட்டனதே நான்டா. நீ போயி பந்தியப் பாரு.”

நானே உட்கார்ந்தேன். தேதி சீட்டில் மூலையில்தானே இருக்கிறது, எடைதானே முக்கியம் என்று விட்டுவிட்டேன். எடை சுத்தமாக வந்தது. லாரிக்காரன் சடையப்பன் தன் சவுக்கு லோடோடு காகித ஆலைக்குக் கிளம்பினான். மத்தியானம் போன் வந்தது.

“மாமா, கேட்லயே நிறுத்திட்டானுங்க. சீட்டுல 2009-ன்னு இருக்குதாம். ‘மரம் நடறதுக்கு முன்னாடியே எடை போட்டுட்டியா’ன்னு கேட்டுட்டுச் சிரிக்கறானுங்க மாமா.”

தேவநாதனைக் கூப்பிட்டேன். நாதஸ்வரத்துக்கு நடுவே அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அப்பவே சொன்னனே மொதலாளி! போன்ல சொன்னா வராது. நாளைக்கி வந்து பாக்கறேன்.”

நாளைக்காம்! கடலூரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற டேவிட் ராஜை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தான். ஒரு ரூபாய்க் காசு மாதிரி இருந்த பேட்டரியை நெம்பி எடுத்தான், புதுசை அழுத்தினான், தேதியை வைத்தான். மெயினை அணைத்துப் போட்டுக் காட்டினான். தேதி அப்படியே இருந்தது.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாண்ணே. கரண்ட் இல்லாதப்ப தேதிய ஞாபகம் வெக்கிறது இதுதான். செத்துப் போச்சின்னு தேவநாதன் சார்கிட்ட எப்பவோ சொன்னேன். இருக்கட்டும், பழகிடுச்சின்னாரு.”

பழகிவிட்டதாம். ஒரு தேங்காய் விலைகூட இல்லாத வில்லை செத்துக் கிடக்கிறது, அதன் தலைமாட்டில் தினமும் ஊதுவத்தி கொளுத்தியிருக்கிறான் மனுஷன்!

சடையப்பனை ஆலை கேட்டிலிருந்து திரும்ப வரவழைத்து, லாரியை மறுபடி எடை போட்டு அனுப்பினேன்.

மறுநாள் தேவநாதன் கல்யாணக் களையோடு வந்தான். ஊதுவத்தியை எடுத்தான். துண்டை விரித்தான். திரையில் தேதியும் மணியும் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. கீபோர்டு மேல் செத்த பேட்டரியை வைத்திருந்தேன். விரித்த துண்டு விரித்தபடி நின்றது.

“சாமி தானா முழிச்சிக்கிச்சு பாரு” என்றேன்.

பேட்டரியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

“நாளையிலேர்ந்து நான் வரணுங்களா மொதலாளி?”

“பின்ன? சீட்டுப் போட உங்க மாமியாரா வருவாங்க? உக்காருடா, லோடு நிக்குது.”

உட்கார்ந்தான். அந்த மாமியார் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது என்பதும் அன்றைக்குத்தான் வெளிப்பட்டது. இப்போதெல்லாம் காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறான். யாரும் பார்த்துவிடக் கூடாதே, அதனால் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டுதான்.